மஞ்சள் தாளில் வெட்டாத ஒரு வரி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கையில் கைபேசி அடித்தது. ஓய்வுபெற்றவனுக்கு வேலை நாளில் பகலில் வரும் அழைப்பு இரண்டே வகை. ஒன்று வைத்தியசாலை, மற்றது ஏமாற்றுக்காரன். இது இரண்டும் இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் இருந்த கதிரையில் இப்போது இருக்கும் அபிராமி. ஹரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடுக்கும், மூளை தடுக்காது.

“சேவியர் அங்கிள், பழைய ஃபைல் எல்லாம் ஸ்கான் பண்ணுறம். எல்லாத்துக்குள்ளயும் முன்னுக்கு ஒரு மஞ்சள் பேப்பர் இருக்கு. இது என்ன? ஸ்கான் பண்ணோணுமா, விடவா?”

“பண்ணு பிள்ளை. அதுதான் முக்கியம்.”

“ஓகே. இன்னொண்டு. எல்லா மஞ்சள் பேப்பரிலயும் எல்லா வரியும் பென்சிலால வெட்டியிருக்கு. ஒரு ஃபைலில மட்டும் கடைசி வரி வெட்டாமக் கிடக்கு. ‘அவர் சமன்பாடுகளை முடித்தாரா?’ எண்டு இங்கிலீசில எழுதியிருக்கு. மிஸ்டேக்கா அங்கிள்? நான் வெட்டி விடட்டா?”

“வெட்டாதை!”

நான் போட்ட சத்தத்தில், எனக்கு விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை உயர்த்தியபடி நின்றுவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, தொடர்ந்து வெட்டச் சொல்லிவிட்டு, கடை வாசலுக்கு வந்தேன்.

“சரி, சரி, வெட்டேல்லை” என்றாள் அபிராமி. பிறகு, “அதுக்குள்ள உங்கட கையெழுத்தில ஒரு குறிப்பும் இருக்கு. நான் வாசிக்கேல்லை” என்றாள்.

வாசித்திருக்கிறாள். வாசிக்காதவர்கள் வாசிக்கவில்லை என்று சொல்வதில்லை. ஆகவே, மற்றவர்கள் சொல்லித் தெரியவருவதைவிட நானே எழுதிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயரைத் தவிர.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லவேண்டும். வெளிநாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவர் இங்கிலாந்துக்கு வந்தால், அந்தக் காலத்து விதிப்படி நாலு வருடம் வரை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம். சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. நாலு வருடத்துக்குள் இந்த நாட்டு ஆசிரியத் தகுதியைப் பெற்றுக்கொண்டால் முழு ஆசிரியர். இல்லாவிட்டால் வகுப்பை விட்டு இறங்கவேண்டும். எங்கள் அலுவலகம் தெற்கு லண்டனில் இருந்தது. வெளிநாட்டு ஆசிரியர்களின் பத்திரங்களைச் சரிபார்த்து, ஒரு குழுவின் முன் வைப்போம். குழு சம்மதித்தால், அவர் படிப்பிக்கும் வகுப்புக்கே ஒருவர் போய் இருந்து பார்ப்பார். அதிலும் சரியென்றால் தகுதி கிடைக்கும். இவ்வளவுதான். எழுதினால் நாலு வரி, வாழ்ந்தவர்களுக்கு நாலு வருடம்.

நான் அங்கே போனது ஒரு விபத்து. மன்னாரில் உயர்தரம் படித்து, லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்திலும் பாண் பேக்கரியிலும் நின்று, கிடைத்த நேரத்தில் கணினி பழகி வைத்திருந்தேன். ஒரு ஏஜென்சிக்காரன், “இரண்டு வாரம் ஃபைல் அடுக்க ஆள் வேண்டுமாம், போகிறாயா?” என்று கேட்டான். போனேன். அந்த இரண்டு வாரம் முடிய இருபத்திரண்டு வருடம் எடுத்தது.

முதல் நாள் அந்த மேசையைக் கண்டு நின்ற நிலை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கானாவிலிருந்து சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ். போலந்திலிருந்து சின்னப் புத்தகம் மாதிரி ஒன்று. இந்தியப் பட்டம் ஒன்று, விரித்தால் மேசைக்கு விரிப்பு வேண்டாம். ஜமெய்க்காவிலிருந்து வந்த ஒன்றில் மூலையில் யாரோ பிள்ளை கிறுக்கிய பூ. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மூன்று வருடம், நாலு வருடம் பாடுபட்டு வாங்கியது. அதை ஒரு கடித உறைக்குள் போட்டு, முன்பின் தெரியாத எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதைத் தொட எனக்கு என்ன தகுதி என்று நினைத்து, போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். உண்மையாகவே கழுவினேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் என் மேலதிகாரி மார்கரெட். ஐம்பது வயது தாண்டிய, மெலிந்த, உயரமான வெள்ளைக்காரப் பெண். “மார்கரெட் என்று கூப்பிடுங்கள்” என்று முதல் நாளே சொன்னார். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாத நாக்கு, வருடக்கணக்காக ஒத்துழைக்க மறுத்தது. அவரைக் கூப்பிடவேண்டி வந்தால் எழுந்துபோய் முன்னால் நின்று தொண்டையைச் செருமுவேன். எனக்கு ஆஸ்துமா என்று அவர் வெகுகாலம் நினைத்திருந்தாராம்.

மார்கரெட்டிடம் சில பழக்கங்கள் இருந்தன. கோப்பு வாசிக்கும்போது உட்கார மாட்டார். ஜன்னலருகில் நின்றுதான் வாசிப்பார். உட்கார்ந்தால் தீர்ப்புச் சொல்ல அவசரம் வந்துவிடும் என்பார். பேனா தொடமாட்டார், பென்சில்தான். எந்தத் தாளை எடுத்தாலும் மூன்று கேள்வி. இதை யார் எழுதியது? எப்போது எழுதியது? எழுதும்போது அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது? வெகு காலத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்ட பத்துப் புகழ்ச்சிக் கடிதத்தைவிட, அன்றைக்கே அவசரத்தில் கிறுக்கிய ஒரு துண்டுக் கடதாசி அவருக்குப் பெரிது.

மஞ்சள் தாளும் அவர் கொண்டுவந்ததுதான். மற்ற அலுவலகங்களில் கோப்பின் முதல் தாளில் விண்ணப்பதாரரைப் பற்றித் தெரிந்ததை எழுதுவார்கள். எங்கள் கோப்பில் முதல் தாளில் தெரியாததை எழுதவேண்டும். ‘இரண்டாம் வருடம் ஏன் இடைவெளி?’ ‘இந்தக் கல்லூரி இப்போதும் இருக்கிறதா?’ என்று வரிவரியாக. விடை கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு வரியையும் பென்சிலால் வெட்டுவோம். கடைசி வரியும் வெட்டுப்பட்டால்தான் கோப்பை மூடலாம். தனக்கு என்ன தெரியாது என்று ஒரு கந்தோர் தானே எழுதி முன்பக்கத்தில் வைத்திருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை, அதற்குப் பின்னும் கண்டதில்லை.

என்னாலும் அவருக்கு ஒருமுறை வியப்புக் கொடுக்க முடிந்தது. ஒரு இலங்கை ஆசிரியையின் கோப்பில் மூன்று பெயர் இருந்தது. மூன்று வேறு ஆட்கள் என்று எல்லோரும் தலையைப் பிய்த்தார்கள். தகப்பன் பெயர் முன்னால் நிற்பது, கலியாணத்தின் பின் புருஷன் பெயர் பின்னால் வருவது, ஞானஸ்நானப் பெயர் நடுவில் நுழைவது எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் விளக்கி மூன்று பேரையும் ஒருவராக்கினேன். மார்கரெட் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு அங்குலம் உயரம் கூடியது. அன்றிலிருந்து இலங்கை, இந்தியக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. அந்த உயரம்தான் பின்னால் என்னை விழுத்தியது.

யோகராணி ஒரு மார்ச் மாதம் நேரில் வந்து விண்ணப்பத்தைத் தந்தார். நாற்பது வயது இருக்கும். குரொய்டன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தார். வன்னியில் பிறந்து, ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, அங்கேயே பத்து வருடம் படிப்பித்தவர். அவருடைய நாலு வருடம் ஜூலையோடு முடிகிறது. அதற்குள் குழு சம்மதிக்காவிட்டால் செப்டெம்பரில் அவருக்கு வகுப்பு இல்லை. மேசையில் இருந்த என் பெயர்ப்பலகையைக் கண்டுவிட்டு, நான் வாய் திறந்ததும் பேச்சையும் பிடித்துவிட்டார்.

“அண்ணை மன்னாரோ?”

“ஓம்.”

“எனக்கு வேறை தொழில் தெரியாதண்ணை. இதொண்டுதான் தெரியும். கொஞ்சம் கவனமாப் பாருங்கோ.”

அவ்வளவுதான் கேட்டார். கவனமாகப் பார்க்கச் சொன்னார், களவாகப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘அண்ணை’ என் காதுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடியது.

அவர் முன்பு வேலை செய்த வலயக் கல்விப் பணிமனைக்கு வழக்கம்போல எழுதினோம். பதில் மே மாதம் நேரே எங்களுக்கு வந்தது, தமிழில். உறையைத் திறந்தது நான். முதல் தாளில் எல்லாம் நன்றாக இருந்தது: சேவைக்காலம், படிப்பித்த பாடம், நன்னடத்தை. பின்னால் இன்னொரு தாள் இணைத்திருந்தது. போர்க்காலத்து அறிவித்தல் ஒன்றின் பிரதி. விடுமுறை பெறாமல், குறிப்பிட்ட பாடசாலையில் கடமைக்குச் சமுகமளிக்கத் தவறியதால், அந்த ஆசிரியை பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறார். சுருக்கமாகச் சொன்னால், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவர்.

முன்னைய இடத்தில் இப்படிப் பதிவு உள்ள ஒருவரின் கோப்பு குழுவுக்குப் போனால் நல்லபடியாகத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

அடுத்து நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த இரண்டாம் தாளைக் கழற்றி, என் மேசை லாச்சியில் தேயிலைப் பைகளுக்குக் கீழே வைத்தேன். மஞ்சள் தாளில் ஒன்றும் எழுதவில்லை. ஊரில் தெரிந்த ஆளைப் பிடித்து, அந்தத் தாள் இல்லாத புதுக் கடிதம் ஒன்று எடுப்பிக்கலாம் என்பது என் திட்டம். எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆளைத் தெரிந்தால் கடிதம் வேறு மாதிரியும் வரும். கந்தோரில் நம்முடைய ஆள் ஒருவன் இருப்பது எதற்கு? இந்தப் புத்தியோடு நான் கடல் கடந்து வந்து, இருபது வருடம் வெள்ளைக்காரத் தேத்தண்ணி குடித்தும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் மார்கரெட் ஜன்னலருகில் அந்த முதல் தாளோடு நின்றார். மொழிபெயர்ப்புக்கு அனுப்புமுன் எதையும் ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆகவே நான் நிம்மதியாக இருந்தேன்.

“சேவியர், இந்த ஒன்று எங்கே?”

“எந்த ஒன்று?”

தாளின் அடியில் பென்சில் நுனியை வைத்தார். “உங்கள் தீவிலிருந்து வந்த கடிதங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். என்னால் வாசிக்க முடியாது. ஆனால் கையெழுத்துக்குக் கீழே ஒரு சொல்லும், ஒரு சின்னக் கோடும், ஒரு எண்ணும் இருந்தால், அந்த எண்ணிக்கைக்குத் தாள் பின்னால் இருக்கும். இதில் ஒன்று என்று இருக்கிறது. மூலையில் ஸ்டேப்ளர் துளையும் இருக்கிறது. தாள் இல்லை.”

‘இணைப்பு – 01.’ தமிழ் வாசிக்கத் தெரிந்த நான் அதைப் பார்க்கவில்லை. தெரியாதவர் பார்த்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை ஊருக்கே தெரியும், அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பயத்தோடு பயமாக எனக்குள் ஒரு பிரமிப்பும் வந்தது. இந்த மனுஷி எங்கள் ஒவ்வொரு தாளையும் எவ்வளவு மரியாதையோடு பார்த்திருந்தால், வாசிக்கத் தெரியாத கடிதத்தில் இல்லாததைக் கண்டுபிடிப்பார்!

லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். தேயிலை மணத்தது. மார்கரெட் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கோப்போடு அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

“இதில் என்ன எழுதியிருக்கிறது?”

சொன்னேன்.

“அவர் ஏன் வேலைக்கு வரவில்லை?”

“தெரியாது.”

“அவரிடம் கேட்டீர்களா?”

“இல்லை.”

“அப்படியானால் நீங்கள் எதை மறைத்தீர்கள் என்றே உங்களுக்குத் தெரியாது.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “நீங்கள் செய்ததை எழுதிக் கையெழுத்து வையுங்கள். இந்தக் கோப்போடு இருக்கும். மேலிடத்துக்கும் நான் சொல்லவேண்டும்.”

“எனக்கு வேலை போகுமா?”

“அது எனக்குத் தெரியாது,” என்றார். “உங்களிடம் மஞ்சள் தாள் இருக்கிறதல்லவா?”

எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு என் வேலை தப்பியது. ஆனால் இந்தக் கதை என் வேலையைப் பற்றியது அல்ல.

ஒரு வாரத்தில் யோகராணியைக் கூப்பிட்டோம். மார்கரெட் அந்த அறிவித்தலை அவர் முன் வைத்து, “இந்தத் தாள் எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் காணாமற் போயிருந்தது. தவறு எங்களுடையது” என்றார். யோகராணி தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருக்குமென்று எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ. நன்றி இல்லை. தன் வகுப்புப் பிள்ளை ஒன்று களவாகப் பார்த்து எழுதியதைக் கண்ட ஆசிரியையின் பார்வை அது.

அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்கு அது எங்கள் தமிழிலேயே கேட்டது. கேட்டபடியே எழுதுகிறேன்.

“இதை நான் கண்டிருக்கிறன். வீட்டு விலாசத்துக்கு வந்தது. வீடுதான் இருக்கேல்லை. நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு கோயில் வளவுக்குள்ள பள்ளிக்கூடம் நடத்தினனாங்கள். சாதாரண தரச் சோதினைக்கு நாலு மாசம். ஆசிரியர்மாரெல்லாம் வேறை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்கோணும் எண்டு கட்டளை வந்தது. மற்றவை போச்சினம். அவையில பிழையில்லை, அவைக்குக் குடும்பம். கணக்குக்கு நான் ஒராள்தான். நான் போகேல்லை.”

“சம்பளம்?” என்று மார்கரெட் கேட்டார்.

“கையெழுத்து வைக்காட்டிச் சம்பளம் இல்லைத்தானே.”

“எவ்வளவு காலம்?”

“பதினொரு மாசம்.”

வேலையை விட்டு ஓடியவர் என்று அரசாங்கத் தாள் சொன்ன ஆள், வேலையை விட மறுத்ததால்தான் அந்தத் தாளைப் பெற்றிருக்கிறார். நான் அந்தத் தாளைத் தேயிலைப் பைக்குக் கீழே வைத்தவன். எனக்கு எழுந்து நின்று கும்பிடவேண்டும் போல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மார்கரெட்டுக்கும் மனம் இளகியிருக்கவேண்டும். ஆனால் மூன்று கேள்வியும் இளகவில்லை. “நான் உங்களை நம்புகிறேன்,” என்றார். “குழு தாளைத்தான் நம்பும். அன்றைக்கு, அந்த இடத்தில், உங்களைத் தவிர வேறு யாராவது இதை எழுதினார்களா?”

யோகராணி யோசித்தார். “ஒண்டும் இல்லை. என்ரை பாடக் குறிப்பு, பிள்ளையளின்ர வரவு இடாப்பு எல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சுது.” எழும்பப் போனவர் நின்றார். “அதிபர் லொக் புத்தகம் எழுதினவர்.”

“அது என்ன?” என்று மார்கரெட் என் பக்கம் திரும்பினார்.

அந்த அறையில் நான் வாய் திறக்கக்கூடாது என்பது கட்டளை. ஆனால் இது என்னிடமே கேட்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் அதிபர் ஒரு தடித்த புத்தகம் வைத்திருப்பார். சம்பவத் திரட்டுப் புத்தகம் என்பது சரியான பெயர். யார் வந்தார், யார் வரவில்லை, மழை பெய்ததா, கூரை ஒழுகியதா, யாருக்கு எச்சரிக்கை என்று எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதவேண்டும். தாள் கிழிக்க ஏலாது, எழுதியதை அழிக்க ஏலாது. ஆசிரியர்கள் அதிபருக்குப் பயப்படுவதைவிட அந்தப் புத்தகத்துக்குப் பயப்படுவார்கள்.

மார்கரெட் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நான் முதலில் படிப்பித்தது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்,” என்றார். “தலைமை ஆசிரியையின் அலுமாரியில் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. பழைய காலத்து விதி. இங்கே எல்லோரும் அதை எப்போதோ கைவிட்டுவிட்டோம். நீங்கள் இன்னமும் எழுதுகிறீர்களா? போருக்குள்ளும் எழுதினீர்களா?”

“அது விதிதானே” என்றார் யோகராணி.

இந்த நாட்டுக்காரர் கப்பலில் கொண்டுபோய் எங்கள் தலையில் கட்டிய விதி. கட்டியவர்கள் மறந்துபோனார்கள். ஒரு மனிதர் கோயில் வளவில், ஷெல் விழுகிற காலத்தில், கோடு போட்ட தாளில் திகதி போட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

அதிபர் ஓய்வுபெற்றிருந்தார். ஆள் உயிரோடு இருந்தது பெரிய காரியம். புத்தகத்தை உரப்பைக்குள் சுற்றிக் காப்பாற்றி, ஊர் திரும்பியதும் பாடசாலை அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டாராம். அது பாடசாலையின் சொத்து, தன்னுடையது அல்ல என்று. புதிய அதிபர் பக்கங்களைப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் ஊதா முத்திரை குத்தி அனுப்பினார். வந்துசேர ஐந்து கிழமை. ஜூலை பிறந்துவிட்டது. குழு கூடுவதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

“நீங்கள் மொழிபெயர்க்கக்கூடாது,” என்றார் மார்கரெட். நியாயம்தான். ஹரோவில் இருந்த பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் பிரதிகளைக் கொண்டு ஓடினேன். வழி முழுக்க உறையைத் திறக்கவில்லை. திறந்தால் திரும்பவும் அண்ணையாகிவிடுவேனோ என்று பயம். அவர் வீட்டு முன்னறையில் நாலு மணித்தியாலம் இருந்து, மூன்று தரம் தேத்தண்ணி குடித்து, முத்திரை காய்ந்ததும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்கரெட் ஜன்னலருகில் நின்று சத்தமாக வாசித்தார். அதிபர் சொற்சிக்கனக்காரர்.

‘மழை. வகுப்பு மண்டபத்துள். கணிதம் நடந்தது.’

‘வெண்கட்டி முடிந்தது. ஆசிரியை யோகராணி கரித்துண்டு பாவித்தார்.’

‘வலயக் கட்டளை வாசிக்கப்பட்டது. ஐந்து ஆசிரியர் விடைபெற்றனர். சாதாரண தர மாணவர் நாற்பத்து மூவர் மண்டபத்தில் இருந்தனர். ஆசிரியை யோகராணி போகவில்லை. பதவி போகும் என்று எச்சரித்தேன். காரணம் கேட்டேன். இருபடிச் சமன்பாடு இன்னும் முடியவில்லை என்றார்.’

மார்கரெட் அந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தார், இந்தத் தரம் சத்தமில்லாமல். அதற்குப் பின்னும் பதிவுகள் இருந்தன. கணிதம் நடந்தது. கணிதம் நடந்தது. இடம் மாறினோம். கணிதம் நடந்தது. அவர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு கோப்பைத் திறந்து, மஞ்சள் தாளின் அடியில் ஒரு புது வரி எழுதினார். அதைத்தான் அபிராமி கண்டிருக்கிறாள்.

குழுவுக்கு எல்லாம் போயிற்று: அறிவித்தல், லொக் புத்தகப் பக்கங்கள், என் குற்றக் குறிப்பு உட்பட. நான் அறைக்கு வெளியே இருந்தேன். வழக்கமாக ஒரு கோப்புக்குப் பத்து நிமிடம். இதற்கு முக்கால் மணித்தியாலம். வெளியே வந்த குழு உறுப்பினர் ஒருவர் ஏதோ நினைவில் என்னிடம் நேரம் கேட்டார், அவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். சம்மதித்துவிட்டார்கள்.

வகுப்பைப் பார்க்கும் நாளுக்கு மார்கரெட் தானே போனார். “நீங்களும் வாருங்கள்,” என்றார். “இத்தனை வருடம் இவர்களின் தாளைப் பார்த்தீர்கள். ஒருவர் படிப்பிப்பதைப் பார்த்ததே இல்லை.”

உண்மை. வெட்கக்கேடான உண்மை.

முப்பது பிள்ளைகள், ஆண்டு விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்க, யாருக்குமே இருப்புக் கொள்ளாத வயது. யோகராணி சின்ன உருவம். குரலை உயர்த்தவில்லை. ஒரு உயரமான பையன் பலகையில் கணக்கைச் செய்து, பிழைத்து, “எனக்கு வராது மிஸ்” என்று துடைக்கப் போனான். “துடைக்காதே” என்றார் யோகராணி. “எந்த வரி வரைக்கும் சரி?”

பையன் மேலிருந்து பார்த்தான். வகுப்பும் பார்த்தது. மூன்றாம் வரி வரைக்கும் சரி என்று கண்டுபிடித்தான். “அப்ப அங்கேயிருந்து போ,” என்றார். அவன் போனான். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் யாரையும் பிழை என்று சொல்லவில்லை. எந்த வரி வரைக்கும் சரி என்றுதான் கேட்டார். கதவோரம் இருந்த ஐம்பது வயது மாணவன் ஒருவனும் தன் கணக்கில் எந்த வரி வரைக்கும் சரி என்று பார்த்துக்கொண்டான். உறையைத் திறந்தது வரைக்கும் சரி.

பாடம் முடிந்து நடைபாதையில் மார்கரெட் கைகொடுத்தார். முடிவை அங்கேயே சொல்வது வழக்கமில்லை, ஆனால் அவர் முகம் சொல்லிவிட்டது. பிறகு, “எனக்கு ஒன்று தெரியவேண்டும்,” என்றார். “விண்ணப்பத்துக்கு இல்லை. அந்தச் சமன்பாடுகளை முடித்தீர்களா?”

யோகராணி என்னைப் பார்த்தார். இந்தமுறை தமிழிலேயே சொன்னார், எனக்கு. மொழிபெயர்க்கும் பொறுப்பை அவர் என் கையில் திருப்பித் தந்தது போல இருந்தது.

“முடிச்சனான் அண்ணை. நாற்பத்திமூண்டு பேரோட தொடங்கினனான். முடிக்கேக்க முப்பத்தாறு பேர்.”

இடாப்பு வாசிக்கிற குரலில்தான் சொன்னார். மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

நான் மார்கரெட்டுக்கு அதைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

திரும்பி வருகையில் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து, அவர் கோப்பை மடியில் வைத்து மஞ்சள் தாளை எடுத்தார். வரிவரியாக வெட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது. இரண்டு தரிப்பிடம் தாண்டும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதை என்னால் வெட்ட முடியாது, சேவியர்,” என்றார். கோப்பை மூடினார். ஒரு வரி வெட்டாமல் அவர் மூடிய கோப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அன்றைக்குத்தான் என் வாயில் முதன்முதலாகத் தொண்டையைச் செருமாமல் வந்தது: “சரி, மார்கரெட்.”

இவ்வளவையும் நான் அபிராமிக்கு மீன்கடை வாசலில் நின்று சொன்னேன். உள்ளேயிருந்து மீன் வெட்டியாயிற்று என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

“அங்கிள், ஸ்கான் பண்ணினா பென்சில் வடிவா விழாது,” என்றாள் கடைசியில். “இந்த ஃபைலின்ர ஒரிஜினலை நான் வச்சிருக்கிறன்.”

“வை பிள்ளை,” என்றேன். “என்ரை குறிப்பையும் எடுத்துப்போடாதை. அதோடயே இருக்கட்டும்.”